தேவசகாயம் சரித்திரம்: சொல்லும் முறையும் கற்கும் பாடமும்

சீர்திருத்தம் பேசும் வாரப் பத்திரிகையின் இலக்கியப் பகுதியிலே கத்தோலிக்கப் புனிதர் ஒருவரின் சரித்திரத்தை ஆராய்வது பொருந்துமோ என்று வாசகர்களிற் சிலர் ஐயுறக் கூடும். புனிதர் வணக்கத்தை வளர்ப்பது நம் நோக்கமன்று. அதனைப் பழிப்பதும் நம் நோக்கமன்று. ஒரு மனிதரின் வாழ்க்கை நம்மவரிடையே எவ்வாறு சொல்லப்பட்டு வருகிறது, அவ்வாறு சொல்லப்படுவதால் அவ்வாழ்க்கையின் உயிர்நிலையான செய்தி விளங்குகின்றதா அல்லது மறைகின்றதா என்று நோக்குவதே இங்கு நாம் மேற்கொண்ட பணி. நூல்களை மட்டுமே மதிப்பிடுவது விமரிசனம் அன்று. மக்கள் நாவிலும் பிரசங்க மேடையிலும் நாடகக் கொட்டகையிலும் வழங்கும் கதைகளையும் மதிப்பிட வேண்டும். ஏனெனில் நூலைப் படிப்பவர் சிலர். கதையைக் கேட்டு அதன்படி வாழ முற்படுவோர் பலர்.

நாம் எடுத்துக்கொண்ட சரித்திரம் தேவசகாயம் என்பாருடையது. 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அந்நாளைய திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கியதுமான நட்டாலத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. தாயார் நாயர் குலத்தவர். தந்தையார் நம்பூதிரிப் பிராமணர் என்பர். மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1729 முதல் 1758 வரை அரசு செலுத்தினார். அவருடைய தலைநகராகிய பத்மநாபபுரத்தில் நீலகண்டர் அரண்மனை அலுவலராய் இருந்தார். 1741-இல் குளச்சற் போரில் ஒல்லாந்தர் படை தோற்றது. சிறைப்பட்ட படைத்தலைவர்களுள் ஒருவராகிய டி லனாய் என்னும் பிளெமிஷ் நாட்டவர் மன்னரின் சேவையில் அமர்ந்து, படைகளை ஐரோப்பிய முறையிற் பயிற்றத் தொடங்கினார். அவர் கத்தோலிக்கர். நீலகண்டருக்குக் கால்நடையும் பயிரும் அழிந்து மனம் வாடியிருந்த காலத்தில், யோபு என்னும் பழைய ஏற்பாட்டு நல்லோரின் கதையை டி லனாய் அவருக்கு எடுத்துரைத்தார் என்பது மரபு.

அதன்பின் 1745 மே மாதத்தில், திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் ஆலயத்தில், புத்தாரி என்னும் இயேசு சபைக் குருவின் கையால் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. லாசரஸ் என்னும் பெயருக்குக் கடவுள் உதவினார் என்பது பொருள். அதனையே தமிழாக்கித் தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். அவர் மனைவி பார்கவி அம்மையாரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 1749 பிப்ரவரியில் தேவசகாயம் சிறைப்பட்டார். ஏறக்குறைய மூன்றாண்டுகள் கொடுந்துன்பம் அனுபவித்தபின், 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அவருடைய மரணத்தைப் பற்றிக் கொச்சி மேற்றிராணியார் 1756-இலேயே உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். 2012 டிசம்பர் 2-இல் முத்திப்பேறு பெற்றவர் என அறிவிக்கப்பட்டு, 2022 மே 15-இல் வேறு ஒன்பதின்மரோடு புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். குருப்பட்டமோ துறவறமோ ஏலாத இந்திய இல்லறத்தார் ஒருவர் இந்நிலை எய்தியது இதுவே முதன்முறை.

சரித்திரத்தின் எலும்புக்கூடு இவ்வளவே. இதற்குத் தசையும் தோலும் போர்த்திக் கதையாக்கும்போதுதான் குற்றங்கள் புகுகின்றன. அவற்றுள் மூன்றை இங்கு எடுத்துக் காட்டுவோம்.

முதற் குற்றம் குலப்பெருமை. இச்சரித்திரம் சிறு பிரசுரமாகவோ பிரசங்கமாகவோ நாடகமாகவோ வரும்போது, பெரும்பாலும் அதன் தொடக்கம் ஒன்றுபோலவே அமைகிறது. உயர்குலத்திற் பிறந்தும், செல்வத்தில் வளர்ந்தும், அரண்மனையிற் பதவி வகித்தும் அவர் கிறிஸ்துவைத் தழுவினார் என்று சொல்லித் தொடங்குகிறார்கள். அந்தப் ‘பிறந்தும்’ என்ற சொல்லின் இறுதியிலுள்ள ‘உம்’ என்னும் இடைச்சொல்லைச் சற்றே உற்று நோக்குக. இலக்கணம் அறிந்தோர் அதனை எதிர்மறைப் பொருளைத் தழுவி வரும் உம்மை என்பர். உயர்குலத்தாருக்கு அச்சமயத்தைத் தழுவ வேண்டிய தேவையில்லை, அது தாழ்ந்தோர்க்கே உரியது, இவர் இறங்கி வந்தது வியப்பு என்னும் கருத்தெல்லாம் அவ்வோரெழுத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. சாதியை வென்றவர் என்று ஒருவரைப் புகழத் தொடங்கும் வாக்கியத்திலேயே சாதி சிம்மாசனம் ஏறி அமர்ந்துவிடுகிறது!

இதனால் விளையும் தீங்கு யாது? அதே தென்கரையில் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே பரதவரும் முக்குவரும் கிறிஸ்தவராயினர். 1544-இல் சவேரியார் அக்கரையோரம் நடந்து சென்று பல்லாயிரவர்க்கு ஞானஸ்நானம் அளித்தார். அம்மீனவர்களும் கடலோடும் வறுமையோடும் போராடித் தம் நம்பிக்கையைக் காத்தவர்களே. ஆனால் அவர்களைப் பற்றிப் ‘பிறந்தும்’ என்று யாரும் எழுதுவதில்லை. துறப்பதற்குப் பெருமை உடையவனே தியாகி என்றால், பெருமை மறுக்கப்பட்ட ஏழை எக்காலத்தும் தியாகி ஆக முடியாது. தியாகத்திலும் மேற்படி கீழ்ப்படி வகுக்கும் கதையிலிருந்து சமத்துவத்தை எங்ஙனம் கற்பது?

இரண்டாவது குற்றம், துன்பத்தைக் காட்சியாக்குவது. எருமையின்மேல் ஏற்றி ஊரூராய் நடத்தியதும், எருக்கம்பூ மாலை சூட்டியதும், அடித்ததும், காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்ததும் விரிவாக வருணிக்கப்படுகின்றன. தாகத்தால் வாடியவர் முழங்கையாற் பாறையை இடிக்க நீர் சுரந்தது என்னும் ஐதிகமும் உடன் வருகிறது. புலியூர்க்குறிச்சியில் அப்பாறையை இன்றும் காட்டுகிறார்கள். கேட்போர் கண்ணீர் வடிக்கின்றனர். கண்ணீர் தவறன்று. எனினும் ஒரு மனிதர் எதனைச் செய்ததற்காக இத்துன்பம் வந்தது என்னும் கேள்வியை அக்கண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவர் பட்ட அடிகள் மனத்தில் நிற்கின்றன. அவர் யாரோடு உடன் அமர்ந்து உண்டார் என்பது நிற்பதில்லை. முன்னது நம்மாற் செய்ய முடியாதது. பின்னது நாளைக் காலையிலேயே நாம் செய்யக் கூடியது. செய்யக் கூடியதை மறைத்துச் செய்ய முடியாததை வருணிக்கும் சரித்திரம் கேட்போனுக்கு வசதியானது. அது அவனை அழ வைத்து, அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

மூன்றாவது குற்றம், பகைவனை வெளியே மட்டும் தேடுவது. மன்னரும் அரண்மனைப் பிராமணரும் கொடியோர், தேவசகாயம் நல்லோர் என்று கதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு குற்றம் உண்டு. திருவிதாங்கூர் அரசு மதத்திற்காக எவரையும் கொன்றதில்லை, அரசத் துரோகமே காரணமாயிருக்க வேண்டும் என வாதிட்ட வரலாற்றாசிரியர்களும் உளர். இரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமைப்பட்டிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மதமா, துரோகமா என்னும் இரண்டே விடைகளுக்குள் இருவரும் சுற்றி வருகின்றனர். அவ்விரண்டினும் வேறான மூன்றாவது விடையொன்று அச்சரித்திரத்திற்குள்ளேயே கிடக்கிறது.

அதனை வெளிப்படுத்த ஓர் எளிய ஒப்பீடு போதும். டி லனாய் கத்தோலிக்கர். அவர் மன்னரின் நம்பிக்கைக்குரிய தளபதியாக முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அவர் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. அவருடைய மதம் அரசுக்கு இடர் ஆகவில்லை. கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ மீனவர் வாழ்ந்தனர். கோட்டாற்றில் ஆலயம் நின்றது. தண்டிக்கப்பட்டவரின் உடலையே அங்கே புதைக்கவும் முடிந்தது. கிறிஸ்தவராய் இருப்பதே குற்றமாயின் இவையெல்லாம் நிகழ்ந்திரா. இவர்களுக்கு எவ்வித இடையூறும் இருந்ததில்லை என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் வெளிநாட்டான் கிறிஸ்தவனாய் இருக்கலாம், மீனவன் கிறிஸ்தவனாய் இருக்கலாம், அரண்மனை நாயர் மட்டும் ஆகலாகாது என்ற நிலையில், அங்கே குற்றமாகக் கருதப்பட்டது யாது? தனக்கு விதிக்கப்பட்ட படியை விட்டு ஒருவன் இறங்கிப்போய்க் கீழ்ப்படியிலுள்ளாரோடு கலந்ததே குற்றமாயிற்று என்பது நம் முடிபு.

இது நம் கற்பனை மட்டுமன்று. அவரைப் பற்றிய மரபுரைகள், தாழ்ந்த ஜாதியார் எனப்பட்டோருடன் அவர் கலந்து பழகியதையும் அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றாகக் குறிக்கின்றன. ஜாதி வேற்றுமை பாராமல் எல்லா மக்களும் சமம் என்று அவர் வற்புறுத்தியதே மேல்வகுப்பாரின் பகையை எழுப்பியது என்று, அவரைப் புனிதராக்கிய உரோமைத் திருச்சபையே தன் சரித்திரக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அக்காலத் திருவிதாங்கூரில் ஜாதிப் படிநிலை வெறும் வழக்கமன்று, அதுவே ஆட்சிமுறை. 1750 ஜனவரியில், அதாவது தேவசகாயம் சிறையில் இருந்த காலத்திலேயே, மார்த்தாண்ட வர்மர் தம் இராச்சியம் முழுவதையும் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கித் தாம் அச்சுவாமியின் தாசராய் நின்று ஆள்வதாக அறிவித்தார். அரசனே ஆண்டவனின் தாசனான பிறகு, அரசன் வகுத்த வரிசையை மீறுதல் ஆண்டவனையே மீறுதல் ஆகிவிடும் அன்றோ? அதே நாட்டில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு 1859 வரை போராட நேர்ந்ததும், ஆலயப் பிரவேசம் 1936-இல்தான் அனுமதிக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்தனவே. தேவசகாயம் இறந்து 184 ஆண்டுகள் கழிந்த பின்னரே கோயிற் கதவு திறந்தது.

இந்த ஒளியிற் பார்க்கும்போது எருமையும் எருக்கம்பூவும் வேறு பொருள் தருகின்றன. அவை உடலை வருத்தும் கருவிகள் அல்ல. குதிரையும் பல்லக்கும் ஏறுதற்குரியவனை எருமைமேல் ஏற்றுவதும், தெருவோரம் முளைக்கும் எருக்கை அவன் கழுத்தில் இடுவதும் மானத்தைப் பறிப்பதற்காக ஏற்பட்ட தண்டனைகள். அத்தண்டனையின் மொழியே ஜாதியின் மொழி. நீ எங்களுள் ஒருவன் அல்லை, எல்லோரினும் கீழானவன் என்று ஊரறியக் கூறுவதே அதன் கருத்து. ஆனால் இங்கேதான் அத்தண்டனை தோற்றது. எந்த மானத்தைப் பறிக்க எண்ணினார்களோ அந்த மானத்தை அவர் அதற்கு முன்பே தாமாகக் கழற்றி வைத்துவிட்டார். கையில் இல்லாத பொருளை எவன் திருட முடியும்? தாழ்ந்தோர் எனப்படுவோரைத் தாழ்ந்தோராக எண்ணாதவனிடம் சென்று, நீ தாழ்ந்துவிட்டாய் என்று சொன்னால், அச்சொல்லுக்கு அவனிடத்தில் பொருளே இராது. அச்சரித்திரத்தில் அற்புதம் ஒன்று உண்டென்றால் அஃது இதுவே.

நிற்க. மூன்றாவது குற்றம் பகைவனை வெளியே மட்டும் தேடுவது என்றோம். அவ்வாறு தேடுவோர் வடக்கன்குளத்திற்குச் சென்று பார்க்க வேண்டும். 1606 முதல் மதுரையிற் பணியாற்றிய நொபிலி என்னும் இயேசு சபைக் குரு, ஜாதியைச் சமயத்தோடு சேராத சமூக வழக்கமாகக் கருதி அதனோடு இணங்கிப் போனார். அவ்வழியில் வெவ்வேறு ஜாதியாருக்கு வெவ்வேறு குருமார் என்னும் ஏற்பாடும் தோன்றிற்று. பதினான்காம் பெனடிக்ட் என்னும் பாப்பரசர் 1744-இல் விடுத்த ஆணையில், பறையர் எனப்பட்டோருக்கும் குருமார் பணிபுரிய வேண்டுமென வற்புறுத்த நேர்ந்தது. இதற்கு மறு ஆண்டிலேயே நீலகண்டர் தேவசகாயம் ஆனார். அவர் நுழைந்த வீட்டிற்குள்ளும், அவர் விட்டு வந்த வீட்டின் நோய் முன்னதாகவே குடியேறியிருந்தது என்பதே உண்மை.

அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்த அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆலயத்தின் அமைப்பை நோக்குக. வேளாளருக்கு ஒரு மண்டபம், நாடாருக்கு ஒரு மண்டபம், இரண்டும் ஒரே பீடத்தை நோக்கிக் காற்சட்டையின் இரு கால்கள் போலப் பிரிந்து நின்றன, நடுவே சுவர். ஒருவரை ஒருவர் காணாமலே ஒரே தேவனை இரு சாராரும் வணங்கினர். 1910-இல் கௌசானல் என்னும் குரு அச்சுவரை இடிப்பித்தார். உடனே பிள்ளைமார் நீதிமன்றம் ஏறினர். தனி இடம் எங்கள் உரிமை என வழக்காடித் தோற்றனர். வழக்காடியவர் எவரும் மார்த்தாண்ட வர்மரின் சேவகர் அல்லர். தேவசகாயத்தின் சமயத்தவரே, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊராரே. காற்றாடிமலையிற் சுட்ட கை ஒன்று. வடக்கன்குளத்திற் சுவர் எழுப்பிய கை வேறொன்று. ஆயினும் இரண்டு கைகளையும் இயக்கிய எண்ணம் ஒன்றே. தமிழ்நாட்டிற் கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டங்களிலும் ஜாதிப் பிரிவினை இருந்து, அதனை எதிர்த்து இந்நூற்றாண்டிலும் போராட்டங்கள் நிகழ்ந்தமையை எண்ணும்போது, புனிதரின் சிலைக்கு மாலையிடுவது எவ்வளவு எளிது, அவர் பாடத்தைக் கற்பது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

அவருடைய பெயரைப் பற்றியே ஒரு விவாதம் நிகழ்ந்தது. 2020 பிப்ரவரியில் உரோமையிலிருந்து வெளிவந்த அறிவிப்பில் அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை என்றே காணப்பட்டது. புனிதருக்கு ஜாதிப் பட்டம் ஏன் என்று வினவிப் பலர் விண்ணப்பித்தனர். 2022-இல் அவர் புனிதராக்கப்பட்டபோது பட்டம் நீங்கித் தேவசகாயம் என்னும் பெயர் மட்டும் நின்றது. இதனை வெறும் பெயர்ச் சண்டை என்று சிலர் எள்ளி நகையாடினர். அஃது அறியாமை. நீலகண்ட பிள்ளை என்னும் பெயரிற் பெற்றோர் இட்டது பாதி, ஜாதி ஒட்டியது பாதி. தேவசகாயம் என்பது அவர் தாமே தேர்ந்து பூண்டது. ஒட்டியதைக் கழற்றித் தேர்ந்ததைப் பூண்ட ஒருவருக்கு, இறந்து 268 ஆண்டுகள் கழிந்த பின்னும் பழைய ஒட்டை மீண்டும் ஒட்டுவது மரியாதையா? 1929 பிப்ரவரியிற் செங்கற்பட்டிற் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, ஜாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்க்கலாகாது எனத் தீர்மானித்ததை நம் வாசகர்கள் நன்கறிவர். சமயமே வேண்டா என்றவர்களும், சமயத்திற்காக உயிர் விட்டவரும் ஒரே இடத்தில் வந்து சந்திப்பதைக் காணும்போது நமக்கு வியப்பில்லை. வேறுவேறு வழியாக நடந்தவர்களும், தடையாக நின்ற மலை ஒன்றேயாதலின், அதன் அடிவாரத்திற் சந்திக்கத்தானே வேண்டும்!

இன்னொரு குறையையும் இங்குக் கூறாது விடுவதற்கில்லை. இச்சரித்திரத்தில் ஞானப்பூ அம்மையார் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் வந்து மறைந்துவிடுகிறார். கணவர் தேர்ந்த வழியைத் தாமும் தேர்ந்து, கணவர் சிறைப்பட்டபின் தனித்து நின்று, உறவினரின் சினத்தைத் தாங்கியவர் அவர். மன்னரின் கோபம் மூன்றாண்டில் தீர்ந்தது. உறவினரின் கோபம் வாழ்நாள் முழுவதும் வீட்டு வாயிலிலேயே நிற்கும். சீர்திருத்தத்திற்காக ஆடவன் மேடையில் அடிபடுகிறான். அவன் மனைவி அடுப்படியில் அடிபடுகிறாள். முதலாவதை எழுதும் எழுதுகோல் இரண்டாவதை எழுத மறுப்பது சரித்திரக் கலையின் குறையே அன்றி அவ்வம்மையாரின் குறையன்று.

இவையெல்லாம் நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலியிலும் நடந்தவை. கடல் கடந்து ஜொகூரில், பெக்கோக் போன்ற இரயிலடிச் சிற்றூரில், ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவே வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நம் முன்னோர் கங்காணிகளின் கீழ் இந்நாட்டிற்கு வந்தபோது துணிமூட்டையோடு ஜாதியையும் சுமந்தே வந்தனர். லயங்களிலும் ஆள் பார்த்து வீடு ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு. 1929-இன் இறுதியில் ஈ.வெ.ரா. மலாயா வந்து பேசியதும், அதன்பின் சீர்திருத்தச் சங்கங்கள் ஊர்தோறும் எழுந்ததும் அக்கட்டைப் பெரிதும் தளர்த்தின. இன்று பெக்கோக் கடைத்தெருவில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து தேநீர் அருந்த எவரும் தயங்குவதில்லை. ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேச்சு வந்தவுடன், தேநீர்க் கடையில் மறைந்திருந்த கேள்வி மெல்லத் தலைநீட்டுகிறது. ஆட்கள் யார், ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். இந்துக்களும் கிறிஸ்தவரும் இவ்விஷயத்தில் வேற்றுமையின்றி ஒற்றுமைப்பட்டிருப்பதைச் சமய நல்லிணக்கம் என்று பாராட்டுவதற்கில்லை.

இன்னும் கூர்ந்து நோக்கினால், தேவசகாயத்தின் சரித்திரம் நம்மை நேராகக் கைநீட்டிச் சுட்டும் இடம் ஒன்று உளது. அவர் அரண்மனையில் அரசனும் அல்லர், குடியானவரும் அல்லர். இடையில் நின்ற அலுவலர். மேலிருப்பவரின் ஆணையைக் கீழிருப்பவரிடம் சேர்ப்பதும், கீழிருப்பவரின் உழைப்பைக் கணக்காக்கி மேலிருப்பவரிடம் சேர்ப்பதும் இடையில் நிற்போரின் தொழில். நாம் தோட்ட அலுவலகத்திற் கணக்கெழுதும் கிராணித் தொழிலில் இருப்பவராதலின் இவ்விடத்தின் இயல்பை அறிவோம். இடையில் நிற்பவனுக்குத் தன் படி மிக இனியது. கீழே ஒருவன் இருக்கிறான் என்னும் நினைவே, மேலே ஒருவன் இருக்கிறான் என்னும் வருத்தத்தை ஆற்றும் மருந்து. கிராணிமார் வீடுகளுக்கும் லயங்களுக்கும் இடையே ஓடும் ஒரு மண்பாதை வடக்கன்குளத்துச் சுவரினும் அகலமாயிருந்த காலத்தை முதியோர் பலர் நினைவிற் கொண்டுள்ளனர்.

அன்று லயங்களில் இருந்தோர் தமிழர். இன்று பல தோட்டங்களிற் செம்பனைக் குலை வெட்டுவோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியருமாவர். அவர்களைக் காலைப் பெரட்டில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் கங்காணியும் கிராணியும் பல இடங்களில் தமிழரே. நம் பாட்டன்மார் எந்தச் சொல்லால் இழிவுபடுத்தப்பட்டனரோ அதே தொனியில் அவர்களை விளிப்போர் நம்முள் இல்லையா? பெயரைக் கேட்டு அறியாமல் நாட்டின் பெயராலேயே ஓர் ஆளை அழைப்போர் இல்லையா? உடன் அமர்ந்து உண்பதற்கு மனம் கூசுவோர் இல்லையா? கங்காணியின் கீழ்ப் பிறந்தவன் கங்காணியானவுடன் கங்காணியைப் போலவே பேசுவானாயின், நூறாண்டு காலத் துன்பம் நமக்குக் கற்பித்தது யாது? ஜாதி என்பது நான்கு வருணத்தின் பெயர்களில் மட்டும் இருப்பதன்று. நமக்குக் கீழே ஒருவன் இருக்க வேண்டும் என்னும் ஆசையே ஜாதி. பெயர்கள் மாறும், ஊர் மாறும், கடவுச்சீட்டு மாறும். அவ்வாசை மாறாதவரை நோய் மாறாது.

அவ்வாறாயின் இச்சரித்திரத்தை எவ்வாறு சொல்ல வேண்டும்? நம் கருத்து இது. அவர் குலத்தைக் கூறுவதாயின், அஃது அவர் கழற்றி எறிந்த பொருள் என்பது விளங்கக் கூறுக. அவர் அணிந்த ஆபரணமாகக் கூறற்க. அவர் பட்ட துன்பத்தை வருணிப்பதற்கு முன், அவர் யாரோடு கலந்தார், அது ஏன் குற்றமாயிற்று என்பதை விளக்குக. மன்னரின் கொடுமையைக் கூறிய நாவால் வடக்கன்குளத்துச் சுவரையும் கூறுக. ஞானப்பூ அம்மையாருக்கு அவருக்குரிய இடத்தைத் தருக. அற்புதங்களை நம்புவோர் நம்புக. ஆனால் பாறை நீர் சுரந்ததை மட்டும் பாடிவிட்டு, மனிதனின் நெஞ்சு நெகிழ்ந்ததைப் பாடாது விடற்க. கல் இளகுவது அரிதுதான். ஜாதிப் பெருமை ஊறிய நெஞ்சு இளகுவது அதனினும் அரிது.

இவ்வாறு சொல்லப்படுமாயின், இச்சரித்திரம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய சொத்தாய் இராது. சமயம் உடையோரும் இல்லோரும் ஒருங்கே எடுத்துப் படிக்கத்தக்க தமிழரின் பொதுச் சரித்திரமாகும். இதனாற் சமயத்தைக் குறைத்துவிட்டோம் என்று பக்தர்கள் வருந்த வேண்டுவதில்லை. யோபுவின் கதையிலே அவர் எதைக் கேட்டாரோ, ஞானஸ்நானத்திலே எதைப் பெற்றாரோ, அது அவரைத் தனி அறையில் முழந்தாளிட்டு மட்டும் இருக்கச் செய்யவில்லை. வெளியே வந்து மனிதரோடு கலக்கச் செய்தது. அவருடைய பக்தியின் அளவுகோல் அதுவே. பக்தர்கள் தம் பக்தியை அவ்வளவுகோலால் அளந்து பார்ப்பதை யாம் தடுக்கவில்லை, வேண்டிக்கொள்கிறோம்.

அவர் நினைவு நாள் ஜனவரி 14. பொங்கலையொட்டி வரும் நாள் அது. உழைப்பின் பயனை ஊரோடு பகிர்ந்துண்ணும் திருநாளில், உடன் உண்டதைக் குற்றமாகச் சுமந்த ஒருவரின் மரண நாளும் சேர்ந்து வருகிறது. அந்நாளில் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பானை பொங்கும்போது, பக்கத்து வீட்டு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஓர் இலை போடப்படட்டும். நாட்டின் பெயரால் அன்றி அவன் பெயராலேயே அவனை அழைத்துப் பந்தியில் அமர்த்துவோம். அவ்வாண்டில் நம் வீட்டு மணப்பேச்சு வருமாயின், எந்தத் தெரு என்னும் அந்தக் கேள்வியைக் கேளாது விடுவோம். இவற்றுள் எதற்கும் எருமைமேல் ஏற வேண்டியதில்லை. உயிரை விட வேண்டியதுமில்லை.